வேலைக்கு அப்ளை பண்ணியாச்சு, பதிலைக் காணோம்: மரியாதையாகக் கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, கோவை, ஓசூர், திருப்பூர் பக்கம் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் இருப்பது ஆள் எடுக்கிற பக்கம், அதாவது உங்கள் மெயிலைத் திறந்து பார்க்கிற பக்கம். அதனால் சில பதில்கள் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அரசு வேலை, வளைகுடா வேலை பற்றியும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது, அங்கே கதையே வேறு.

அப்ளை பண்ணி எத்தனை நாள் கழித்துக் கேட்கலாம்?

விளம்பரத்தில் கடைசித் தேதி போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து ஒரு வாரம். போடவில்லை என்றால் நீங்கள் அனுப்பிய நாளிலிருந்து ஏழு முதல் பத்து வேலை நாள். மறுநாளே "என் ரெஸ்யூம் வந்ததா" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை, அன்றைக்கு அதை யாரும் திறந்தே இருக்க மாட்டார்கள்.

அந்தப் பத்து நாளில் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன், பதற்றம் கொஞ்சம் குறையும். எச்.ஆர்., அதாவது ஆள் எடுக்கிற பிரிவில் இருப்பவர், முதலில் ரெஸ்யூம் குவியலைப் பிரிப்பார். அனுபவம், இருக்கிற ஊர், நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய இடத்தில் இருந்தாக வேண்டிய நாட்கள்), எதிர்பார்க்கிற சம்பளம், இந்த நாலைப் பார்த்தே ஒரு பெரும்பகுதி ஓரமாகப் போய்விடும். மிச்சத்தை எந்த டிபார்ட்மென்டுக்கு ஆள் வேண்டுமோ அந்த மேனேஜருக்கு அனுப்புவார். மேனேஜரோ மாதக் கடைசி, ஆடிட், கஸ்டமர் விசிட் என்று ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டு அந்த மெயிலைத் தொடவே மாட்டார், எச்.ஆர். அவரைத் துரத்திக்கொண்டிருப்பார். நீங்கள் எச்.ஆருக்கு ஃபாலோ-அப் போடுகிற அதே நேரத்தில் எச்.ஆர். மேனேஜருக்கு ஃபாலோ-அப் போட்டுக்கொண்டிருப்பது ரொம்ப சாதாரணம். நடுவில் அந்த வேலையையே ஹோல்டில் போடுவதும் உண்டு: பட்ஜெட் வரவில்லை, ராஜினாமா கொடுத்தவர் மனசு மாறி இருந்துவிட்டார், உள்ளேயே ஒருவரை மாற்றி அந்த இடத்தில் போட்டுவிட்டார்கள். விளம்பரத்தை மட்டும் யாரும் எடுக்க மாட்டார்கள், அது பாட்டுக்குத் தளத்தில் கிடக்கும்.

பண்டிகை நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பொங்கல் வாரத்தில் யாரும் ரெஸ்யூம் பார்ப்பதில்லை. திருப்பூரில் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து யூனிட்டுகள் முழுசாக ஓட ஆரம்பிக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அக்கவுண்ட்ஸ் வேலையாக இருந்தால் மார்ச் 31-ஐ ஒட்டிய நாட்களையும் தள்ளிவிடுங்கள்.

எந்த நாள், எந்த நேரம் நல்லது?

செவ்வாய், புதன், வியாழன், காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். திங்கள் காலை வார இறுதியில் குவிந்த மெயில்களோடும் மீட்டிங்குகளோடும் போய்விடும், வெள்ளி மதியம் அனுப்பியது திங்கள் குவியலில் அடியில் கிடக்கும். ராத்திரி பதினொன்றுக்குத்தான் எழுத நேரம் கிடைக்கிறது என்றால் ஜிமெயிலில் ஷெட்யூல் சென்ட் வசதி இருக்கிறது, எழுதி வைத்துக் காலை பத்தே காலுக்குப் போகிற மாதிரி வைத்துவிட்டுத் தூங்குங்கள். ராகு காலம் பார்ப்பவர்களுக்கும் இந்த நேரத்தில் சங்கடமில்லை. புதனில் 12-க்கும், வியாழனில் 1.30-க்கும், செவ்வாயில் 3 மணிக்கும்தான் தொடங்குகிறது.

நௌக்ரி வேலைத் தளத்தில் அப்ளை பண்ணினேன். யாருக்கு மெயில் போடுவது என்றே தெரியவில்லை.

முதலில் அந்த விளம்பரத்தையே மறுபடி முழுசாகப் படியுங்கள். பல விளம்பரங்களில் கீழே கடைசி வரியில் ஒரு மெயில் ஐ.டி. இருக்கும், அப்ளை பட்டனை அழுத்துகிற அவசரத்தில் யாரும் அதுவரை போவதில்லை. இல்லையென்றால் கம்பெனி வெப்சைட்டில் கேரியர்ஸ் பக்கத்தைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் லிங்க்ட்இனில் அந்தக் கம்பெனியின் பெயரோடு டேலன்ட் அக்விசிஷன், ரெக்ரூட்டர், எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் என்று தேடினால் ஒருவராவது கிடைப்பார். ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். அந்த டீமில் இருக்கிற ஆறு பேருக்கும் ஒரே மெசேஜைப் போட்டால் அவர்கள் பக்கத்துப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், "உனக்கும் வந்ததா" என்று சிரித்துவிட்டு ஆறு பேருமே விட்டுவிடுவார்கள், மற்றவர் பதில் போடுவார் என்று.

எம்.டி.க்கு நேராக மெயில் போடுவதைப் பெரிய தைரியமாகச் சிலர் சொல்லித் தருகிறார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கிற கம்பெனியில் அது பலிக்கலாம், அங்கே ஆள் எடுப்பதே முதலாளிதான். பெரிய இடத்தில் அது ஒரு வரிகூடச் சேர்க்காமல் அப்படியே எச்.ஆருக்கு ஃபார்வர்டு ஆகும், அவருக்குக் கொஞ்சம் எரிச்சலும் சேர்ந்திருக்கும்.

மெயிலில் என்ன எழுதுவது? ஒரு மாதிரி கொடுங்களேன்.

கொடுக்கிறேன். ஆங்கிலத்தில் அனுப்புகிறவர்களும் இதே வரிசையில் எழுதினால் போதும்.

பொருள்: அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ், கோவை – ஜூன் 3 விண்ணப்பம் – உங்கள் பெயர்

வணக்கம் மேடம்,

உங்கள் கோவை அலுவலகத்தின் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு ஜூன் 3 அன்று நௌக்ரி வழியாக விண்ணப்பித்திருந்தேன். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ்., டேலி பிரைம் ஆகியவற்றில் நான்கு வருட அனுபவம் உண்டு. விண்ணப்பித்தபோது என் நோட்டீஸ் பீரியட் 60 நாள் என்று எழுதியிருந்தேன், இப்போது 30 நாளில் விடுவிப்பதாக அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

இந்த வேலைக்கான தேர்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிவிக்க முடியுமா? ரெஸ்யூமை மறுபடி இணைத்திருக்கிறேன்.

நன்றி.
பெயர், போன் நம்பர்

அவ்வளவுதான். போன் திரையில் ஸ்க்ரோல் பண்ணாமல் படித்து முடிக்கிற நீளம். பொருள் வரியில் வேலையின் பெயரும் தேதியும் உங்கள் பெயரும் இருப்பதால் எச்.ஆர். உங்களைத் தேடி எடுக்க அரை நிமிடம் போதும். வேலைக்கு ரெஃபரன்ஸ் நம்பர் இருந்தால் அதையும் அங்கேயே போடுங்கள். வெறுமனே "அப்ளிகேஷன் ஸ்டேட்டஸ்" என்று மட்டும் வருகிற மெயில்களில், எந்த வேலை, எந்த ஊர், இவர் யார் என்று நாங்கள்தான் துப்பறிய வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை.

அந்த நோட்டீஸ் பீரியட் வரியைக் கவனியுங்கள். இந்த மெயிலில் உண்மையில் வேலை செய்வது அந்த வரிதான். "என்ன ஆச்சு" என்று மட்டும் கேட்டால் எச்.ஆரிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. புதுசாக ஒரு தகவல் வந்தால் அவர் உங்கள் ஃபைலைத் திறந்து அதைச் சேர்த்தாக வேண்டும், திறந்தால் பார்ப்பார். நோட்டீஸ் குறைந்தது, சி.ஏ. இண்டர் ஒரு குரூப் பாஸ் ஆனது, ஊர் மாறி வந்தது, ஒரு சர்டிஃபிகேட் முடித்தது, எது உண்மையோ அதை எழுதுங்கள். ஒன்றுமே புதுசாக இல்லை என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள், இட்டுக்கட்டி எழுத வேண்டாம். 30 நாள் என்று எழுதிவிட்டு இண்டர்வியூவில் 90 நாள் என்று சொல்பவர்களை நாங்கள் மறப்பதே இல்லை.

இன்னொன்று, முதலில் மெயிலில் விண்ணப்பித்திருந்தால் அதே மெயிலுக்கு ரிப்ளையாகவே அனுப்புங்கள், பழையது கீழே இருக்கும். இணைக்கிற ஃபைலுக்கு உங்கள் பெயரையும் வேலையையும் வையுங்கள். "ரெஸ்யூம் ஃபைனல் நியூ டூ" என்ற பெயரில் எங்கள் டவுன்லோட் ஃபோல்டரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா.

எதையெல்லாம் எழுதக் கூடாது?

கஷ்டத்தை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை கல்யாணம், வீட்டு லோன், எல்லாமே உண்மையாகத்தான் இருக்கும், படிக்கிறவருக்கு மனசும் கனக்கும். ஆனால் அதை வைத்து அவரால் மேனேஜரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. உங்களை ஷார்ட்லிஸ்ட் பண்ண அவர் கையில் ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் வேலை சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும்.

அப்புறம் கோபம். "பதில் சொல்லக்கூட நேரமில்லையா" என்று எழுதினால் மனசு ஆறும், வேலை போகும். "ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் பாசிட்டிவ் ரிப்ளை" என்கிற அந்தப் பழைய வரியையும் எடுத்துவிடுங்கள், தப்பு என்று இல்லை, எல்லோரும் எழுதுவதால் யாரும் படிப்பதில்லை. சம்பளம் எவ்வளவு என்று ஃபாலோ-அப் மெயிலில் கேட்க வேண்டாம், கூப்பிட்ட பிறகு தாராளமாகக் கேளுங்கள்.

போன் பண்ணிக் கேட்கலாமா?

விளம்பரத்தில் போன் நம்பர் கொடுத்திருந்தால் பண்ணலாம், கொடுத்ததே அதற்குத்தான். எங்கிருந்தோ தேடிப் பிடித்த பெர்சனல் நம்பர் என்றால் வேண்டாம். பேசும்போது முதல் மூச்சிலேயே யார், எந்த வேலை, எப்போது விண்ணப்பித்தது என்று சொல்லிவிடுங்கள். "வணக்கம் சார், என் பெயர் இது, போன மாதம் 20-ஆம் தேதி சி.என்.சி. ஆபரேட்டர் வேலைக்கு அப்ளை பண்ணியிருந்தேன், இப்போ பேச நேரம் இருக்குங்களா, இல்ல அப்புறம் கூப்பிடட்டுங்களா?" இப்படிக் கேட்டால் எவ்வளவு பிஸியான ஆளும் ஒரு நிமிடம் கொடுப்பார். மாறாக "ஹலோ, வேலை விஷயமா பேசணும்" என்று ஆரம்பித்தால் லோன் கம்பெனிக்காரர் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். எடுக்கவில்லையென்றால் அன்றைக்கு மறுபடி அடிக்காதீர்கள். அடுத்தடுத்து நாலு மிஸ்டு கால் பார்த்தால் வீட்டில் ஏதோ அவசரம் என்று பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிடுவார்கள், விஷயம் தெரிந்ததும் அந்தப் பதற்றம் உங்கள் மேல் திரும்பும்.

எங்கள் பக்கத்துப் புலம்பல் ஒன்றும் இருக்கிறது. ஃபாலோ-அப் மேல் ஃபாலோ-அப் போட்டவரை நாங்கள் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். ரெஸ்யூமில் இருப்பது பழைய நம்பர். தெரியாத நம்பர் என்று கட் பண்ணுகிறார்கள். காத்திருக்கிற இந்த மாதம் மட்டுமாவது லேண்ட்லைன் மாதிரி தெரிகிற நம்பரையும் எடுங்கள்.

வாட்ஸ்ஆப்பில் மெசேஜ் போடலாமா?

அவர்கள் முதலில் வாட்ஸ்ஆப்பில் பேசியிருந்தால் மட்டும். சின்ன கம்பெனிகளிலும் கடைகளிலும் இப்போது ரெஸ்யூமே வாட்ஸ்ஆப்பில்தான் கேட்கிறார்கள், அங்கே அதிலேயே தொடரலாம். ஆனால் "ஹாய் சார்" என்று ஒன்று, பதில் வந்த பிறகு "ஹவ் ஆர் யூ சார்" என்று ஒன்று, அப்புறம் "எனி அப்டேட்" என்று ஒன்று, இப்படித் தவணை முறையில் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் எழுதி முடியுங்கள். வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம், ஆஃபீஸில் உட்கார்ந்து யாரும் கேட்க முடியாது. குட்மார்னிங் பூ படம் அனுப்புகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ப்ளூ டிக் வந்தும் பதில் வரவில்லை என்றால் பார்த்தார்கள் என்றுதான் அர்த்தம், ரிஜெக்ட் என்று அர்த்தமில்லை.

நேரில் போய் கேட்டால் மதிப்பு கூடுமா, குறையுமா?

இடத்தைப் பொறுத்தது. அம்பத்தூர் எஸ்டேட், குறிச்சி சிட்கோ, ஓசூர் சிப்காட், திருப்பூர் கார்மென்ட் யூனிட்டுகள், இங்கெல்லாம் நேரில் போவது இன்றும் நடக்கிற வழிதான். ஃபிட்டர், டர்னர், குவாலிட்டி, ஸ்டோர்ஸ், டெய்லர், செக்கிங் மாதிரி வேலைகளுக்கு மெயிலைவிட அது வேகமானது, பல யூனிட்டுகளில் கேட்டிலேயே "ஆட்கள் தேவை" போர்டு தொங்கும். காலை ஷிஃப்ட் ஏறுகிற நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் போகாதீர்கள், பத்தரை பதினொன்று வாக்கில் போங்கள்.

அங்கே நீங்கள் முதலில் பார்க்கப்போவது எச்.ஆரை இல்லை, கேட்டில் இருக்கிற செக்யூரிட்டியை. ரெஜிஸ்டரில் பெயர், நேரம், யாரைப் பார்க்க என்று எழுதச் சொல்வார். அவரிடம் அலட்டிக்கொள்ளாமல் "அண்ணே, போன வாரம் ரெஸ்யூம் கொடுத்துட்டுப் போனேன், எச்.ஆர். சார் இருக்காருங்களா, இன்னைக்குப் பார்க்க முடியலன்னா எப்ப வரட்டும்" என்று கேளுங்கள். அவருக்குத்தான் தெரியும், எச்.ஆர். லீவா, உள்ளே ஆடிட் நடக்கிறதா, நேற்றே அந்த வேலைக்கு ஆள் சேர்ந்துவிட்டதா என்று. சில சமயம் எங்களிடம் கேட்டால் கிடைக்காத நேர்மையான பதில் கேட்டில் கிடைக்கும். இன்னொரு பிரிண்ட் அவுட்டைக் கவரில் போட்டு, கவரின் மேல் வேலையின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்து ஐ.டி. பார்க்குகளில் இது ஒன்றும் நடக்காது. உள்ளே இருக்கிற ஒருவர் விசிட்டர் பாஸுக்குச் சொல்லி வைக்காமல் ரிசப்ஷன் தாண்டவே முடியாது. அங்கே போய் நிற்பது பஸ் காசுக்குத்தான் நஷ்டம்.

மாமாவின் நண்பர் அந்தக் கம்பெனியில் இருக்கிறார். அவரை வைத்து விசாரிக்கலாமா?

விசாரிக்கலாம், நம் ஊரில் பாதி வேலை அப்படித்தான் நகர்கிறது. ஆனால் "சார்கிட்ட சொல்லி வாங்கிக் கொடுங்க" என்று கேட்காதீர்கள். "இந்த வேலை இன்னும் திறந்திருக்கா, என் ரெஸ்யூம் சரியான ஆளுக்குப் போயிருக்கா, இது ரெண்டை மட்டும் கேட்டுச் சொல்ல முடியுங்களா அங்கிள்" என்று கேளுங்கள். முதல் மாதிரி கேட்டால் அவர் தன் பெயரை அடகு வைக்க வேண்டும், இரண்டாவது மாதிரி கேட்டால் கேன்டீனில் டீ குடிக்கும்போது கேட்டுவிடுவார்.

ரெஃபரல் முறையில், அதாவது உள்ளே வேலை பார்ப்பவர் சிபாரிசில், பெயர் போட்டிருந்தால் பெரிய கம்பெனிகளில் ரெஃபர் பண்ணியவரின் லாகினிலேயே ஓரளவு நிலவரம் தெரியும். நீங்கள் எச்.ஆருக்கு எழுதும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள், எழுதும்போது அவர் பெயரையும் எம்ப்ளாயி நம்பரையும் அவரிடம் சொல்லிவிட்டே குறிப்பிடுங்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இதை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

எனக்குப் பதிலாக அப்பா போன் பண்ணிக் கேட்டால்?

வேண்டாம். அப்பாவுக்கு நாங்கள் மரியாதையாகத்தான் பதில் சொல்வோம், ஆனால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு விழும்.

இண்டர்வியூ நல்லபடியாக முடிந்தது. "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அதோடு சரி.

முதலில், அடுத்த இண்டர்வியூவிலிருந்து ஒரு காரியம் செய்யுங்கள்: எழுந்திருக்கும் முன் "எப்போதுக்குள் தெரியவரும் சார், தெரியாவிட்டால் யாரைக் கேட்கட்டும்" என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வி பின்னால் வரும் தவிப்பைப் பாதியாக்கும், கேட்டவரைத் தப்பாக நினைத்த எச்.ஆரை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு மாலையோ மறுநாள் காலையோ இரண்டு வரி நன்றி மெயில். இதில் ஸ்டேட்டஸ் கேட்க வேண்டாம். பேச்சில் வந்த ஒரு விஷயத்தைத் தொட்டு எழுதினால் இன்னும் நல்லது: "டிஸ்பாட்ச் தாமதம் பற்றிக் கேட்டீர்கள், பழைய இடத்தில் நாங்கள் பயன்படுத்திய ஷீட்டின் மாதிரியை இணைத்திருக்கிறேன்" என்பது போல. பழைய கம்பெனியின் உண்மையான டேட்டா இருக்கிற ஃபைலை அனுப்பிவிடாதீர்கள், அது உங்களுக்கே வினையாக முடியும்.

அவர்கள் சொன்ன நாள் கடந்து இரண்டு மூன்று வேலை நாள் ஆன பிறகுதான் கேட்க வேண்டும். நாளே சொல்லவில்லை என்றால் ஒரு வாரம். இண்டர்வியூ வரை போனவர் கொஞ்சம் உரிமையோடு கேட்கலாம், அங்கே ஒரு நாள் லீவு போட்டு வந்திருக்கிறீர்கள், பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. சொல்லாமல் விடுவது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம். அதற்கு ஒரு காரணமும் உண்டு: முதலில் தேர்வானவர் சேருவாரா என்று தெரியும் வரை இரண்டாவது ஆளை "இல்லை" என்று சொல்லி அனுப்ப யாருக்கும் மனசு வராது. நோட்டீஸ் பீரியட் 90 நாள் இருக்கிற துறைகளில் முதல் ஆள் கடைசி வாரத்தில் வேறு ஆஃபரோடு கழன்றுகொள்வது சகஜம். நீங்கள் அந்த இரண்டாவது ஆளாக இருக்கலாம்.

கையில் வேறு ஆஃபர் வந்துவிட்டது. இதை எப்படிச் சொல்வது?

நேராக. "எனக்கு இன்னொரு நிறுவனத்திலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், உங்கள் வேலையில்தான் எனக்கு அதிக விருப்பம், அதற்குள் உங்கள் முடிவு தெரிய வாய்ப்பிருக்கிறதா?" எல்லா ஃபாலோ-அப்பிலும் இதற்குத்தான் சீக்கிரம் பதில் வரும். ஆஃபர் வராமலே வந்திருப்பதாகச் சொல்லாதீர்கள், "காப்பி அனுப்புங்க" என்று கேட்கிற இடங்கள் நிறைய. வெள்ளிக்கிழமை வந்தும் பதில் இல்லையென்றால் கையில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட்டலில் மூன்று மாதமாக "அண்டர் ரிவ்யூ" என்றே காட்டுகிறது. நம்பிக்கை இருக்கா?

பெரும்பாலும் இல்லை. ஒரு ஆளைச் சேர்த்த பிறகு மற்ற எல்லோரின் நிலையையும் மாற்ற யாராவது உட்கார்ந்து அழுத்த வேண்டும், அழுத்துவதில்லை. ஒரு மெயில் போட்டுப் பாருங்கள், பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதை நிறுத்துங்கள்.

கன்சல்டன்சி மூலமாகப் போனேன். கம்பெனியிடம் நேராகக் கேட்கலாமா?

கூடாது, கன்சல்டன்சியிடம்தான் கேட்க வேண்டும். கம்பெனி அவர்களுக்குத்தான் பதில் சொல்லும். அவர்களைத் தாண்டி நீங்கள் போனால் உங்களுக்கான கட்டணம் யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தகராறு வரும், நடுவில் உங்கள் ரெஸ்யூம் கீழே போகும். வாரத்துக்கு ஒரு முறை அவர்களிடம் கேட்கலாம், அவர்கள் உங்களைவிட ஆர்வமாக இருப்பார்கள், நீங்கள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் காசு.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபாலோ-அப் பண்ணும்போது "உங்கள் ஃபைல் ரெடி, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க", "லேப்டாப் டெபாசிட் கட்டுங்க, சேர்ந்ததும் திருப்பித் தருவோம்" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உள்ளூரில் வேலை கிடைத்த பிறகு முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு கேட்கிற ஏஜென்ட்டுகள் உண்டு, அது வேறு பேச்சு. வேலைக்கு முன்னாலேயே ஜிபே நம்பர் அனுப்புகிறவர் வேலை கொடுக்கிறவர் இல்லை. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள், சீக்கிரம் சொன்னால் அந்தப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

எத்தனை தடவைதான் கேட்பது?

விண்ணப்பித்த பிறகு ஒன்று, அதிலிருந்து பத்து நாள் கழித்து இன்னொன்று. இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அதுதான் பதில். மூன்றாவது மெயிலால் வேலை கிடைத்த கதை ஒன்றிரண்டு இருக்கும், அதைச் சொல்கிறவர்கள் மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது மெயிலுக்கும் பதில் வராத மற்றவர்களைப் பற்றிச் சொல்வதில்லை. உண்மையில் ஃபாலோ-அப்பின் பெரிய லாபம், உங்கள் தகுதி போதாத இடத்தில் அது உங்களைத் தூக்கி உட்கார வைத்துவிடும் என்பது இல்லை. ஆமாவா இல்லையா என்று சீக்கிரம் தெரிந்துகொண்டு அடுத்த பத்து இடத்துக்கு விண்ணப்பிக்கலாம், அதுதான். ஒரு நோட்டிலோ எக்ஸெல் ஷீட்டிலோ கம்பெனி, வேலை, அனுப்பிய தேதி, கேட்ட தேதி, பேசியவர் பெயர் என்று எழுதி வையுங்கள், ஒரே ஆளிடம் மூன்று நாளில் இரண்டு தடவை கேட்கிற சங்கடம் வராது.

ரிஜெக்ட் மெயில் வந்தது. பதில் போடணுமா?

தானியங்கி மெயில் என்றால் வேண்டாம், அந்த ஐ.டி.யை யாரும் பார்ப்பதில்லை. ஒரு மனிதர் எழுதியிருந்தால் "தெரிவித்ததற்கு நன்றி, பொருத்தமான வேறு வேலை வந்தால் என்னையும் கருத்தில் கொள்ளுங்கள்" என்று ஒரு வரி போடுங்கள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் பொதுவாக உண்மையான காரணம் வராது, சொன்னால் வாதம் வரும் என்று பயம். "எந்தத் திறமையை வளர்த்துக்கொண்டால் அடுத்த முறை உதவும்" என்று கேட்டுப் பாருங்கள், சிலர் சொல்வார்கள்.

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, சேருகிற தேதிதான் வரவில்லை.

கேம்பஸில் எடுக்கப்பட்டவர்கள் கேட்கிற கேள்வி இது. 2022, 2023-இல் படிப்பை முடித்த பலர் ஐ.டி. கம்பெனிகளின் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தது செய்தியாகவே வந்தது. மாதம் ஒரு முறை மெயில் போடுங்கள், ஆஃபர் லெட்டரின் நம்பரோடு, கல்லூரி பிளேஸ்மென்ட் ஆஃபீசரையும் சி.சி.யில் வைத்து. கம்பெனி அடுத்த வருடமும் அந்தக் கல்லூரிக்கு வர வேண்டும், அதனால் அவர் கேட்டால் எடை அதிகம். வாட்ஸ்ஆப் குரூப்பில் முந்நூறு பேர் சேர்ந்து புலம்புவதைவிட அது மேல். அதுவரை வேறு வேலை தேடுவதில் எந்தத் தப்பும் இல்லை, சம்பளம் கொடுக்காதவருக்கு விசுவாசம் காட்ட வேண்டிய அவசியம் கிடையாது.

டி.என்.பி.எஸ்.சி. மாதிரி அரசு வேலைக்கும் இப்படிக் கேட்கலாமா?

அங்கே மெயில் போட்டு யாரும் உங்களைத் தேர்வு செய்யப்போவதில்லை, மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும் போட்டுத் தருகிற பட்டியல்தான் பேசும். ரிசல்ட், சான்றிதழ் சரிபார்ப்பு, கவுன்சலிங் எல்லாமே தேர்வாணைய இணையதளத்தில் வரும், ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷனில் கொடுத்த போன் நம்பரும் மெயிலும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் ஃபாலோ-அப். எழுத்து மூலமாகத் தகவல் வேண்டும் என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். இதைத் தவறவிட்டு சீனியாரிட்டி போனவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

துபாய், கத்தார் வேலைக்கு ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட் காப்பி கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. எப்படிக் கேட்பது?

மரியாதையாகக் கேட்பதற்கு முன் அவர் யார் என்று பாருங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது, லைசென்ஸ் நம்பரை வைத்துச் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவர்களும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். பட்டியலில் இருந்தால் எந்தக் கம்பெனி, எந்த வேலை, விசா எந்தக் கட்டத்தில் என்று மெயிலில் கேளுங்கள், வாய்ப் பேச்சில் விடாதீர்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட்டை அவர் வைத்திருந்தால் ரசீது வாங்குங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அதில் பதிவு செய்து பாருங்கள்.

எனக்கு ஆங்கிலம் சரியாக வராது. தமிழில் மெயில் போடலாமா?

விளம்பரம் தமிழில் வந்திருந்தால் தாராளமாகத் தமிழிலேயே போடுங்கள். ஜவுளிக்கடை, நிதி நிறுவனக் கிளை, மில், பள்ளிக்கூடம், பத்திரிகை, இங்கெல்லாம் தெளிவான தமிழ் மெயிலுக்கு ஒரு குறையும் இல்லை. விளம்பரம் ஆங்கிலத்தில் என்றால் நான்கு சின்ன ஆங்கில வாக்கியம் போதும், செல்போன் கருவிகளை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் பேசவே முடியாத அளவுக்குப் பகட்டான ஆங்கிலத்தை அதை வைத்து எழுதி அனுப்பாதீர்கள், கூப்பிட்டுப் பேசுகிறவர் அதே ஆளைத்தான் எதிர்பார்ப்பார். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவது மட்டும் எந்த இடத்துக்கும் வேண்டாம், நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.